இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமா? கார் மைலேஜை உங்கள் கால் எப்படித் தீர்மானிக்கிறது?

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். மகன் ஓட்டுகிறார், அப்பா பக்கத்து இருக்கையில். முதல் வளைவைத் தாண்டியதுமே அப்பாவின் ஆலோசனை ஆரம்பித்துவிடும்: "தம்பி, இனிமே இறக்கம்தானே, நியூட்ரல் போட்டு விட்ரு. வண்டி தானா போகும். எதுக்கு வீணா பெட்ரோல எரிக்கிற?"

கார் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சி ஒரு முறையாவது நடந்திருக்கும். அப்பா சொல்வது தப்பா? அவர் ஓட்டிப் பழகிய காருக்கு அது கணக்குப்படி சரிதான். இன்று மகன் ஓட்டும் காருக்கு அது அப்படியே தலைகீழ். பெட்ரோலும் மிச்சமாகாது, உயிருக்கும் ஆபத்து.

அம்பாசடர், பத்மினி, ஆரம்பகால மாருதி 800 எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். இன்ஜின் சுற்றும்போது உண்டாகும் உறிஞ்சல்தான் அதில் பெட்ரோலை உள்ளே இழுக்கும். கியரில் வைத்து மலை இறங்கினால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்ற வைக்கும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். நியூட்ரலுக்கு வந்தால் இன்ஜின் ஐட்லிங் வேகத்துக்குத் தணிந்துவிடும், செலவும் குறையும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த வித்தை அது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக்கப்பட்டதும் கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது. அதன் இடத்துக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இப்போது எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் என்பதை முடிவு செய்வது இசியு என்கிற சின்ன கணினி. அதற்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: வண்டி கியரில் இருக்கிறது, ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, இன்ஜின் 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால், இன்ஜினைச் சுற்ற வைப்பது சக்கரம்தான், பெட்ரோல் தேவையே இல்லை. உடனே இன்ஜெக்டரை மூடிவிடும். அந்த நேரத்தில் செலவு பூஜ்ஜியம். குறைவு இல்லை, பூஜ்ஜியம். வேகம் தணிந்து ஐட்லிங்கை நெருங்கும்போதுதான் மறுபடி பெட்ரோலைத் திறந்துவிடும்.

அதே இறக்கத்தில் நியூட்ரல் போட்டால்? சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் அணைந்துவிடக் கூடாதே என்று இசியு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிறிய பெட்ரோல் கார் ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருக்க மணிக்கு அரை லிட்டரில் இருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். ஏசி போட்டால் இன்னும் கூடும். நிமிடத்துக்கு 10 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 100 ரூபாய் என்றால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். 40 நிமிட மலை இறக்கத்தை முழுக்க நியூட்ரலில் இறங்கினால், அப்பா மிச்சம் பிடித்ததாக நினைத்த பயணத்தில் 40 ரூபாய் கூடுதல் செலவு.

நம்பிக்கை இல்லையா? உங்கள் காரின் டிஸ்ப்ளேயில் உடனடி மைலேஜ் காட்டும் வசதி இருந்தால் அதையே பாருங்கள். கியரில் வைத்துக் காலை எடுத்ததும் அந்தப் பட்டை கடைசி வரை ஓடி நிற்கும். ஆனால் இந்தச் சோதனையை ஓட்டுபவர் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

தொப்பூர் சொல்லும் பாடம்

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விபத்து நடக்கும்போதெல்லாம் செய்தியில் தவறாமல் வரும் ஒரு வரி, 'டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்க வேண்டாம்' என்கிற அதிகாரிகளின் எச்சரிக்கை. இரட்டைப் பாலம் பகுதியில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி முன்னால் போன கார்களை நசுக்கிய படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு.

பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது? கியரில் இருக்கும்போது சுற்ற மறுக்கும் இன்ஜின் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். இதைத்தான் இன்ஜின் பிரேக்கிங் என்கிறார்கள். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. வண்டியின் மொத்த எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் பிரேக் பேடும் டிஸ்க்கும் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். ஒரு கட்டத்துக்கு மேல் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான உராய்வு குறையும். பிரேக் ஆயில் பழையதாக இருந்து அதில் ஈரம் சேர்ந்திருந்தால், அது கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். பிறகு பெடல் மெத்தை மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. லாரிக்கு ஏர் பிரேக், காருக்கு ஆயில் பிரேக் என்று அமைப்பு வேறு. சூட்டில் தோற்றுப்போவது இரண்டுக்கும் பொது.

இன்னும் ஒரு படி மேலே போய் இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டு உருட்டுபவர்களும் உண்டு. இது தற்கொலைக்குச் சமம். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தருவது ஓடும் இன்ஜின்தான். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் அது தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கைவிடும். சாவியை ஒரு சுற்று அதிகமாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் லாக் ஆகும் ஆபத்தும் இருக்கிறது.

எந்த கியரில் இறங்குவது? எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ, அதே கியர். மலைப்பாதையில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்கள் 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்', 'எஸ்' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்ற வேண்டும். ஏஎம்டி வைத்திருக்கும் நிறைய பேருக்குத் தங்கள் காரில் மேனுவல் மோடு இருப்பதே தெரியாது. அடுத்த மலைப் பயணத்துக்கு முன் கார் மேனுவலை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

ஒரு நேர்மையான திருத்தமும் சொல்லிவிட வேண்டும். மிக மெல்லிய சரிவில், கியரில் விட்டால் வண்டி வேகம் குறைந்து நின்றுவிடும் என்கிற இடத்தில், நியூட்ரலில் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருளும். ஒன்றிரண்டு மில்லி மிச்சமும் ஆகலாம். அந்த ஒன்றிரண்டு மில்லிக்காக, திடீரென்று முன்னால் ஒரு மாடு வந்தால் கியரைத் தேட வேண்டிய நிலைமை தேவையா என்பதுதான் கேள்வி.

ஒரு பிரேக் எவ்வளவு ரூபாய்?

சரி, மைலேஜை உண்மையிலேயே தின்பது எது? பெரும்பாலான நகரவாசிகளுக்கு விடை: பிரேக். ஆக்சிலரேட்டர்தானே பெட்ரோலைக் குடிக்கிறது, பிரேக் என்ன செய்தது என்று தோன்றலாம். ஒரு சின்ன பள்ளிக்கூடக் கணக்கு.

ஒரு டன் எடையுள்ள ஹேட்ச்பேக் 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 139 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32,000 கிலோஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் இன்ஜின் அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, அந்த 60 கி.மீ. வேகத்தை எட்ட மட்டும் சுமார் 17 மில்லி பெட்ரோல் செலவு. சிக்னலில் பிரேக் மிதித்து நிறுத்தும்போது அந்த 17 மில்லியும் சூடாக மாறிக் காற்றோடு போகிறது. ஒவ்வொரு முழு நிறுத்தமும் ஒன்றே முக்கால் ரூபாய். 40 கி.மீ. வேகத்தில் இருந்து நிறுத்தினால் முக்கால் ரூபாய்தான். 80-ல் இருந்து நிறுத்தினால் 3 ரூபாய். வேகம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு.

இப்போது ஓஎம்ஆர் சாலையின் மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த சிக்னல் சிவப்பில் இருப்பது 300 மீட்டர் முன்னாலேயே தெரிகிறது. ஆனாலும் ஒருவர் காலியான அந்த 300 மீட்டரில் 60 வரை விரட்டிக்கொண்டு போய், கடைசியில் நச்சென்று பிரேக் போட்டு நிற்பார். பின்னால் 40-ல் நிதானமாக வந்து, காலை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டே வருபவர் சேரும்போது சில நேரம் பச்சையே விழுந்திருக்கும். அவர் நிற்காமலேயே போய்விடுவார். முன்னவர் மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிப்பார். இருவரும் சோழிங்கநல்லூரில் ஒரே நேரத்தில்தான் இருப்பார்கள்.

முரட்டுத்தனமாக விரட்டி, திடீரென்று பிரேக் போடும் ஓட்டும் முறை, நின்று நின்று போகும் போக்குவரத்தில் மைலேஜை 10 முதல் 40 சதவீதம் வரையும், நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம் வரையும் குறைக்கிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. முன்னால் போகும் காரின் பம்பரைப் பார்த்து ஓட்டாமல், அதற்கும் முன்னால் இரண்டு மூன்று வண்டிகளைத் தாண்டிப் பார்த்து ஓட்டினால் போதும். இடைவெளி விட்டால் ஆட்டோ உள்ளே நுழைந்துவிடும் என்பது உண்மைதான். நுழையட்டும். அந்த ஒரு ஆட்டோவால் போவது மூன்று வினாடி.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு லிட்டருக்கு 12 கிடைத்தால் மாதச் செலவு சுமார் 8,330 ரூபாய். அதையே 15 ஆக்கினால் 6,670. வருடத்துக்கு 20,000 ரூபாய் வித்தியாசம். பல கார்களுக்கு ஒரு வருட இன்சூரன்ஸ் இதில் முடிந்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது ஆஃப் செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. ஸ்டார்ட் செய்ய நிறைய பெட்ரோல் குடிக்கும் என்பதும் கார்புரேட்டர் காலத்து நினைவுதான். இன்றைய இன்ஜினில் 10 வினாடிக்கு மேல் சும்மா ஓடவிடுவதைவிட அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வது லாபம். ஆனால் 15 வினாடி நிறுத்தத்துக்கெல்லாம் சாவியைத் திருகிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் பாவம். கவுன்ட்டவுன் இருக்கும் சிக்னலில் 40, 50 வினாடி என்று காட்டினால் அணைக்கலாம். ரயில்வே கேட்டில் கட்டாயம். ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார்களில் அந்த வேலைக்கென்றே வலுவான ஸ்டார்ட்டரும் பேட்டரியும் இருக்கும். அதை ஏன் முதல் நாளே பட்டனை அழுத்தி ஆஃப் செய்து வைக்கிறார்கள் என்பது புரியாத புதிர். சென்னை மே மாதத்தில் ஏசி நின்றுவிடுகிறதே என்றால், அது நியாயமான காரணம்.

கியர் விஷயத்திலும் பழைய பயம் ஒன்று உண்டு. 'சின்ன கியரில் இழுத்தால்தான் இன்ஜினுக்கு நல்லது' என்று மூன்றாவது கியரிலேயே 60 வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின் அதிக ஆர்பிஎம்மில், லேசான சுமையில் ஓடும்போதுதான் வீணாக்கும். மூடியும் மூடாமலும் இருக்கும் த்ராட்டில் வழியாகக் காற்றை இழுப்பதற்கே அது சக்தியைச் செலவிட வேண்டியிருக்கும். 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் அடுத்த கியருக்கு மாறிவிடுவது நல்லது; டீசலில் இன்னும் சீக்கிரமே மாறலாம். டிஸ்ப்ளேயில் மேல்நோக்கி அம்பு காட்டினால் அதை மதியுங்கள். அதற்காக ஐந்தாவது கியரில் 30-ல் போய் வண்டி உதறுகிற அளவுக்கு இழுக்கவும் கூடாது. உதறல் வந்தால் கியர் குறைக்க வேண்டும், யோசனையே வேண்டாம். ஏஎம்டி, ஆட்டோமேட்டிக் கார்களில் ஆக்சிலரேட்டரை ஒரு நொடி லேசாகத் தளர்த்தினால் கியர் பாக்ஸ் தானே அடுத்த கியருக்குப் போய்விடும்.

டர்போ பெட்ரோல் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சின்ன இன்ஜின், பெரிய சக்தி என்று விளம்பரம் சொல்வது உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. டர்போவை விரட்டினால் அது பெரிய இன்ஜின் மாதிரியே குடிக்கும்.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று

சென்னையில் இருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. நகரத்தில் எதிரி பிரேக் என்றால் இங்கே எதிரி காற்று. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போவதைவிட 100-ல் போகும்போது காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். 120-ல் போனால் இரண்டே கால் மடங்கு.

பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பிசிஆர்ஏ அமைப்பு பல வருடங்களாகச் சொல்லிவரும் சிக்கன வேகம் 45 முதல் 55 கி.மீ. தூய மைலேஜ் கணக்கில் அது சரிதான். ஆனால் நான்கு வழிச்சாலையில் 50-ல் ஊர்ந்து போவது பின்னால் வரும் வண்டிகளுக்கு ஆபத்து. நடைமுறையில் 80-ஐ ஒட்டி, இடது பக்கப் பாதையில், சீரான வேகம்தான் நல்ல சமரசம். உதாரணத்துக்கு ஒரு கார் 100-ல் லிட்டருக்கு 16, 80-ல் 19 தருகிறது என்று வைத்துக்கொண்டால், திருச்சி போக மூன்றே கால் லிட்டர் மிச்சம், அதாவது 325 ரூபாய். காகிதக் கணக்கில் 50 நிமிடம் தாமதம். சுங்கச்சாவடி, டீக்கடை, விழுப்புரம் டிபன் எல்லாம் சேர்ந்தால் அந்த வித்தியாசம் சுருங்கும். அவசரம் இருப்பவருக்கு 325 ரூபாய் பெரிதல்ல என்றால் அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் 100-ல் போய்க்கொண்டே 'கம்பெனி சொன்ன மைலேஜ் வரலியே' என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடக் கூடாது.

அந்தக் கம்பெனி மைலேஜ் எப்படி வருகிறது என்று தெரிந்தால் சண்டையே வராது. காரை ஆய்வகத்தில் உருளைகள் மேல் நிறுத்தி, இந்தியச் சோதனைச் சுழற்சி என்ற நிர்ணயிக்கப்பட்ட முறைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ஏசி ஆஃப். எதிர்க்காற்று, வேகத்தடை, குறுக்கே வரும் பைக் எதுவும் கிடையாது. இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பர்ஸுக்கு அது வாக்குறுதி அல்ல.

நெடுஞ்சாலையில் ஜன்னலைத் திறந்து வைத்து ஏசியை மிச்சப்படுத்துவதும் கேள்விக்குரியதே. நகர வேகத்தில் ஜன்னல் சரி. 80-க்கு மேல் திறந்த ஜன்னல் காற்றை அள்ளிப் பிடிக்கும் பை மாதிரி, ஏசியே தேவலை. வெயிலில் நிறுத்திய காரில் ஏறியதும் இரண்டு நிமிடம் ஜன்னலைத் திறந்து வெக்கையை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசி போட்டு உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றினால் கம்ப்ரஸருக்கு வேலை குறையும். கூரையில் கேரியரை நிரந்தரமாகப் பூட்டி வைப்பதும் வீண்தான். சபரிமலை போய் வந்து மூன்று மாதம் ஆகியும் கழற்றாத கேரியர் எத்தனை கார்களில் இருக்கிறது!

டயர் காற்று பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்ப்பதில்லை. டியூப்லெஸ் டயரில் காற்று குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது; டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதை நம்பி அடிக்கக் கூடாது. 15 நாளுக்கு ஒரு முறை, ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். மைலேஜுக்காக அளவுக்கு மேல் அடிப்பவர்களும் உண்டு. மழையில் பிரேக் போடும்போது அதன் விலை தெரியும்.

இந்தச் சிக்கனத்தை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டவர்களுக்கு அமெரிக்காவில் 'ஹைப்பர்மைலர்' என்று பெயர். பெட்ரோல் விலை எகிறிய 2008-ல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி 'ஹைப்பர்மைல்' என்பதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் சிலர் காற்றைத் தவிர்க்க லாரியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். நம்மூரில் அதை முயற்சி செய்ய வேண்டாம். பல லாரிகளில் பிரேக் லைட்டே எரியாது.

'நல்லா ஓட்டியும் சமீபமா மைலேஜ் குறையுதே' என்பவர்களுக்கு: ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் அதனாலேயே கொஞ்சம் இழப்பு இருக்கும். இ20-க்காக வடிவமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வண்டிகளில் இது 6 முதல் 7 சதவீதம் வரை இருக்கலாம் என்று 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. இதை ஓட்டும் முறையால் ஈடுகட்டலாமே தவிர, மாற்ற முடியாது.

எதைச் செய்தாலும் பலன் தெரிய வேண்டுமென்றால் அளக்க வேண்டும். டிஸ்ப்ளேயில் காட்டும் மைலேஜ் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் 'ரவுண்டா போட்டுடவா சார்' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போய் அது கெடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓடிய பிறகு, முடிந்தால் அதே பங்க்கில், அதே பம்பில், மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரு முறை அளந்தால் போதாது. மூன்று டேங்க் சராசரி எடுத்தால்தான் அது உங்கள் காரின் மைலேஜ். அதன் பிறகு அடுத்த மூன்று டேங்குக்குப் பிரேக்கை மட்டும் கவனித்து ஓட்டிப் பாருங்கள்.